மலைப்பாதைக்கு எந்த எஸ்யூவி? கம்பம் வாசகருக்கு ஒரு சர்வேயரின் பதில்

வாசகர் கேள்வி: சார், நாங்கள் கம்பத்தில் இருக்கிறோம். வண்டன்மேடு பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கம்பமெட்டு ஏறி இறங்க வேண்டும். மனைவிக்கு ஊர் வண்டிப்பெரியார். அதற்குக் குமுளி வழி. அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. மாதம் ஒருமுறை மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். பையனுக்கு 9 வயது, பாப்பாவுக்கு 4. மலை ஏறினால் பாப்பா வாந்தி எடுத்துவிடுகிறாள். வண்டியை நானும் மனைவியும் ஓட்டுவோம். 13 லட்சம் வரை செலவழிக்கலாம். கோட்டயத்தில் 2016 மாடல் ஏழு சீட் எஸ்யூவி ஒன்று, கேரளா நம்பர், நல்ல விலைக்கு வருகிறது. 'மலைக்குக் கனமான வண்டிதான் சேஃப், இப்போ வரும் சின்ன எஸ்யூவி எல்லாம் தகரம்' என்கிறார் மச்சான். பழைய பெரிய வண்டியா, புது சின்ன வண்டியா?

பதில்: புது சின்ன வண்டியை எடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் மச்சானும் படிக்கட்டும்.

நான் தேனி மாவட்டத்தில் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து நஷ்டத்தைக் கணக்கிடுவது என் தொழில். மச்சான் சொன்னதில் ஒரு பாதி உண்மை. இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதினால் கனமான வண்டிக்குள் இருப்பவருக்கு அடி குறைவாகத்தான் விழும். ஆனால் மலைப்பாதையிலிருந்து எங்களிடம் வரும் வண்டிகளில் நிறைய வேறு ரகம். ஈரத்தில் வளைவு திரும்பும்போது வழுக்கிப் பாறையில் மோதியவை, இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனவை, ஓரம் இறங்கிக் கவிழ்ந்தவை. 2022 டிசம்பரில் சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்களின் வண்டி குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்த மாதிரிப் பாதையில் கனம் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும். கனம் கூடினால் இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை கூடும். உயரம் கூடினால் வளைவில் சாயும். அதில் ஆளும் ஏலக்காய் மூட்டையும் கேரியரில் சாமானும் ஏறினால் இன்னும் சாயும்.

தகரம் என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முன்பக்கத் தகடு நசுங்குவது குறை அல்ல, நசுங்கத்தான் அதைச் செய்கிறார்கள். மோதலின் வேகத்தை அந்தப் பகுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் உட்காரும் கூடு மட்டும் அப்படியே நிற்க வேண்டும். அடிபட்ட வண்டியிடம் போனதும் நான் முன் கதவைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். கையால் இழுத்ததும் கதவு திறந்தால், கண்ணாடி ஓரத்துத் தூண் மடங்காமல் இருந்தால், கால் வைக்கும் இடம் உள்ளே தள்ளப்படாமல் இருந்தால், உள்ளே இருந்தவர் நடந்து வெளியே வந்திருப்பார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பானெட் கொஞ்சமாக மட்டும் நசுங்கி, கதவைக் கடப்பாரை போட்டுத் திறக்க வேண்டியிருந்த கனமான பழைய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கூட்டின் உறுதியை நாம் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் மோதல் சோதனை. நம் நாட்டில் பாரத் என்கேப் 2023 அக்டோபரிலிருந்து நடக்கிறது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் முன்பக்கத்தில் ஒரு பகுதி மட்டும் தடுப்பில் மோதும்படி விடுகிறார்கள். 50 கிலோமீட்டரில் பக்கவாட்டு மோதல் தனி. பெரியவர்களின் பாதுகாப்புக்கு 32, குழந்தைகளின் பாதுகாப்புக்கு 49 என்று முழு மதிப்பெண். அதற்கு முன் 2014 முதல் குளோபல் என்கேப் என்ற வெளிநாட்டு அமைப்பு நம் வண்டிகளைச் சோதித்து வந்தது. அவர்கள் 2022 நடுவில் விதிகளைக் கடுமையாக்கினார்கள். ஆகவே அதற்கு முந்தைய ஐந்து நட்சத்திரத்தையும் பிந்தையதையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஷோரூமில் 'ஃபைவ் ஸ்டார் சார்' என்று சொன்னதும் தலையாட்டிவிட வேண்டாம். எந்த வருடம், எந்தச் சோதனை, குழந்தைகளுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேளுங்கள். அப்புறம் நீங்கள் வாங்கப்போகும் வேரியன்டுக்கு அது பொருந்துமா என்றும் கேளுங்கள். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் வரும் வீட்டில் குழந்தை மதிப்பெண்தான் என் கண்ணுக்கு முதலில் படும்.

13 லட்சத்துக்குள் புது வண்டி என்றால் டாடா நெக்ஸான், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, ஸ்கோடா கைலாக் மூன்றையும் போய்ப் பாருங்கள். மூன்றும் பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. கைலாக் பெரியவர்களுக்கு 30.88, குழந்தைகளுக்கு 45 எடுத்தது. மற்ற இரண்டும் பெரியவர்களுக்கு 29-க்கு மேல், குழந்தைகளுக்கு 43-க்குக் குறையாமல் எடுத்தன. இந்த வித்தியாசத்தை வைத்துச் சண்டை போட வேண்டாம், மூன்றுமே நல்ல கூடு. நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருக்கும் வண்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அதைத் தாண்டினால் 40. உங்கள் பட்ஜெட்டுக்கு இது பெரிய உதவி.

மிச்சமாகும் காசை சன்ரூஃபில் போடாதீர்கள். மலையில் குழந்தைகள் அதில் தலையை நீட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. ஆறு ஏர்பேக், ஐந்து பேருக்கும் மூன்று முனை சீட் பெல்ட், ஈஎஸ்சி, மேட்டில் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு, டயர் காற்று குறைந்தால் காட்டும் விளக்கு, பின் கண்ணாடிக்கு வைப்பரும் பனிமூட்டம் நீக்கும் டிஃபாகரும். இவை இருக்கும் வேரியன்டே போதும். இதில் ஈஎஸ்சியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். வண்டி வளைவில் வழுக்க ஆரம்பித்ததுமே தேவையான சக்கரத்தில் மட்டும் தானாகப் பிரேக் பிடித்து வண்டியை வழிக்குக் கொண்டுவருவது அதுதான். ஏர்பேக் மோதிய பிறகு காப்பாற்றும். ஈஎஸ்சி மோதாமலே காப்பாற்றும். ஜூன் மழையில் கம்பமெட்டுப் பாதையில் இலையும் சேறும் கிடக்கும் வளைவில் இதன் அருமை தெரியும்.

இப்போது கோட்டயத்து வண்டி. 2016-ல் ஏர்பேக் கட்டாயம் கிடையாது. டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலும், பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் 2021-லும்தான் கட்டாயமானது. அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் 2019-ல்தான். அந்தக் காலத்து அடிப்படை வேரியன்டில் இவை எதுவுமே இல்லாமல் இருக்கலாம். இன்னொன்று, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளாவில் ஏராளமான வண்டிகள் முங்கின. அவற்றில் பல துடைத்துச் சுத்தம் செய்து விற்பனைக்கு வந்தன. போய்த்தான் பார்ப்பேன் என்றால் எல்லா சீட் பெல்ட்டையும் கடைசி வரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைச் சோப்புப் போட்டுக் கழுவ யாருக்கும் தோன்றாது. தண்ணீர் நின்ற வண்டி என்றால் அங்கே பழுப்பாக ஒரு கோடு இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தின் அடியில் டார்ச் அடித்தால் காய்ந்த வண்டலும் துருவும் தெரியும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதை மறைக்க யாரோ கை வைத்திருக்கலாம். அப்படியே கிளம்பி வந்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் கேரளா நம்பர் வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, அங்கே கட்டிய வரியில் மிச்சத்துக்கு மனுப் போட்டு அலைய வேண்டும். நல்ல விலை என்று நினைத்ததில் பாதி இதிலேயே போய்விடும். வீட்டில் ஐந்து பேர்தான், ஏழு சீட்டுக்குத் தேவையும் இல்லை. மூன்றாவது வரிசை பின் சக்கரத்துக்கு மேலேயே வருவதால் மலையில் அதில் உட்காருபவருக்குத்தான் தூக்கிப்போடுவதும் குமட்டலும் அதிகம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். சௌகரியம் என்றதும் எல்லோரும் ஏசி, குஷன், லெக் ரூம் என்று பார்க்கிறார்கள். மூட்டுவலிக்காரர்களுக்குக் கஷ்டமே ஏறும்போதும் இறங்கும்போதும்தான். சீட்டின் உயரம் அம்மா நிற்கும்போது அவர் இடுப்புக்குச் சற்றுக் கீழே இருந்தால், திரும்பி நின்று அப்படியே உட்கார்ந்துவிட்டு இரண்டு காலையும் உள்ளே எடுக்கலாம். சீட் அதைவிட உயரமென்றால் ஒற்றைக் காலில் முழு உடம்பையும் தூக்க வேண்டும். வலி அங்கேதான் உயிரை எடுக்கும். சேஸிஸ் மேல் பாடி வைத்த பெரிய எஸ்யூவிகளில் இந்தத் தொல்லை அதிகம். படிக்கட்டு மாட்டினால் ஏறுவதற்கு உதவும், இறங்கும்போது அதே படி கெண்டைக்காலில் இடிக்கும். வாசலடித் தகட்டின் அகலத்தையும் பாருங்கள். அது அகலமாக இருந்தால் காலை இன்னும் தூரம் எட்டி வைக்க வேண்டியிருக்கும். கதவு எவ்வளவு விரிகிறது, கதவுக்கு மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எட்டுகிறதா, உட்கார்ந்தபின் தொடை முழுக்க சீட்டில் படிகிறதா என்பதையெல்லாம் நீங்கள் பார்த்துச் சொல்ல முடியாது. அம்மாவை ஷோரூமுக்குக் கூட்டிப்போங்கள். சேலையோடு, வழக்கமாகப் போடும் செருப்போடு, மூன்று நான்கு தடவை ஏறி இறங்கட்டும். முதல் தடவை எல்லோரும் 'நல்லாத்தான் இருக்கு' என்பார்கள். மூன்றாம் தடவை கை தானாக எதைத் தேடுகிறது என்று கவனியுங்கள்.

முன் சீட்டில் அம்மா, பின்னால் உங்களில் ஒருவரும் குழந்தைகளும் என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் சுலபம். முன் சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளலாம், முழங்கால் மடங்காது. மதுரை வரை போகும்போது உசிலம்பட்டியில் ஒரு தடவை நிறுத்தி அம்மாவை நடக்கவிடுங்கள்.

பாப்பாவின் வாந்திக்கு வண்டி பாதிதான் காரணம். உடம்பு ஆடுவதைக் காது உணர்கிறது, கண்ணுக்கோ முன் சீட்டின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டுகிறது. கையில் மொபைலைக் கொடுத்தால் இன்னும் மோசம். நான்கு வயதுக் குழந்தை பெரியவர்கள் சீட்டில் உட்கார்ந்தால் ஜன்னல் அவள் தலைக்கு மேலே போய்விடும். சைல்டு சீட் வைத்தால் உயரமாக உட்கார்ந்து வெளியே பார்ப்பாள், வாந்தியும் குறையும். பின் சீட்டில் வண்டியோடு பொருத்தி வரும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டும் சைல்டு சீட் பாப்பாவுக்கு, முதுகு வைத்த பூஸ்டர் பையனுக்கு. இதற்கான பணத்தை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சுமார் நாலே முக்கால் அடி உயரம் வரும்வரை பெல்ட் தோளில் படியாமல் கழுத்தில் அறுக்கும். பிள்ளைகள் உடனே அதை அக்குளுக்குக் கீழே தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளிய பெல்ட் மோதலில் விலாவையும் வயிற்றையும் இறுக்கும். யார் மடியிலும் குழந்தை வேண்டாம், முன் சீட்டில் மடியில் வேண்டவே வேண்டாம். ஏர்பேக் விரியும் வேகத்தில் நடுவில் சிக்குவது குழந்தைதான்.

சீட் பெல்ட்டைப் பற்றி என் தொழிலிலிருந்து ஒரு விஷயம். மோதும் நொடியில் பெல்ட்டை இறுக்கும் சின்ன வெடிப்பொறி முன் சீட்டுகளில் இருக்கிறது. அது வேலை செய்தபின் பெல்ட் இருந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். போட்டிருந்தால் வெளியே நீண்டு தொங்கும், நார்களில் இழுபட்ட தடம் இருக்கும். போடவில்லை என்றால் தூணோடு விறைப்பாக ஒட்டி நிற்கும், இழுத்தாலும் வராது. அப்படி ஒட்டி நிற்கும் பெல்ட்டைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுக்காரர்களிடம் பேசுவது என் வேலையிலேயே கஷ்டமான பகுதி. பீப் சத்தத்தை நிறுத்த மாட்டும் போலிக் கிளிப்பை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதமே உத்தரவு போட்டது. இன்னும் சிலர் மாட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், 1000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்த்ரி விலையுயர்ந்த வண்டியின் பின் சீட்டில் இறந்தார். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. வண்டிப்பெரியார் போகும்போது கேரளாவில் 2023 ஜூன் முதல் ஏஐ கேமராவும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கியர் எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனைவியும் ஓட்டுவதால் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக்கில் ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வகை, விலை குறைவு, ஊருக்குள் போதும். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது கியர் மாற்ற ஒரு நொடி தயங்கும், அந்த நொடியில் வண்டி தொய்யும். இரட்டை க்ளட்ச் வண்டிகள் நன்றாக இழுக்கும், சபரிமலை சீசன் நெரிசலில் மேட்டில் ஊர்ந்துகொண்டே இருந்தால் சில சமயம் சூடாகி எச்சரிக்கை காட்டும். க்ளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகைதான் மலை நெரிசலுக்கு மிக இதமானது. கைலாக்கிலும் 3எக்ஸ்ஓ டர்போ பெட்ரோலிலும் அது கிடைக்கும். டீசல்தான் வேண்டும் என்றால் நெக்ஸானிலும் 3எக்ஸ்ஓவிலும் உண்டு, மேனுவலே எடுங்கள். வாரம் இரண்டு மூன்று முறை பாரத்தோடு ஏறும் உங்களுக்கு டீசலின் இழுவை பொருந்தும். மாதாமாதம் மதுரை வரை நீளமாக ஓடுவதால், டீசல் வண்டியின் புகைவடிகட்டி சூடாகித் தானே சுத்தமாகும், அடைக்கும் கவலையும் குறைவு.

எந்த வண்டியானாலும் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வரக் கூடாது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்ற பழைய டிரைவர்கள் சொல் இன்றைக்கும் சரி. ஆட்டோமேட்டிக் என்றால் டி-யில் விட்டுவிடாமல் மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டில் வையுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் பைப்பில் ஆவி நிற்கும், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. கிலோமீட்டர் ஓடியதோ இல்லையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வளைந்துவிடும்.

டெலிவரி எடுக்கும் அன்று நான்கு டயரிலும் ஸ்டெப்னியிலும் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். பழைய சரக்கு என்றால் மாற்றித் தரச் சொல்லலாம். முன்னால் இரும்பு க்ராஷ் கார்டு மாட்டித் தருகிறேன் என்பார்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுத்துவிட்டது. நசுங்க வேண்டிய பகுதியை நசுங்கவிடாமல் அது அடியை நேராக உள்ளே அனுப்பும், ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தையும் குழப்பும். சீட் கவர் போடுவதானால் முன் சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று தைத்த இடம் திறந்திருக்கும் கவர்தான் போட வேண்டும். மற்ற கவர்கள் பக்கவாட்டு ஏர்பேக்கை விரியவிடாமல் அடைத்துவிடும்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை என்று முடித்துவிடாதீர்கள். குடும்பத்தோடு கம்பமெட்டு ஏறி இறங்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள். காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் ஓடும் நேரமானால் இன்னும் நல்லது, எதிரே வண்டி வரும்போது உங்கள் மனைவிக்கு முன் மூலை தெரிகிறதா, தூண் மறைக்கிறதா என்று புரிந்துவிடும். மூன்று வண்டியும் ஓட்டிப் பார்த்தபின் எது என்று வேரியன்ட் பெயரோடு எழுதுங்கள். ஷோரூமில் சொல்லும் இன்சூரன்ஸையே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர்கள் தரும் கொட்டேஷனையும் சேர்த்து அனுப்பினால், பணம் கட்டும் முன்பே ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தருவது), இன்ஜின் பாதுகாப்பு இரண்டும் அதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.